பழைய பென்ஸ் ஜிஎல் 350 / எம்எல் 350 டீசல் (2010–2012): வடசென்னையில் வாங்குமுன் எதைப் பார்ப்பது?

ராயபுரம்வாசி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். 2011 ஜிஎல் 350 சிடிஐ ஒன்று மாதவரம் பக்கம் விலைக்கு வந்திருக்கிறது. இரண்டாவது ஓனர். மீட்டரில் 1,12,000 கி.மீ. காட்டுகிறது. வீட்டில் ஏழு பேர் என்பதால் மூன்று வரிசை சீட் அவசியம். புது வண்டி விலைக்குக் கை எட்டாது, அதனால்தான் இதைப் பார்க்கிறேன்.

வண்டி நிற்கப்போவது ராயபுரத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். தினமும் எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும் ஓட்டம், மாதத்தில் இரண்டு முறை ஊருக்கு நெடுந்தூரம். எஞ்சினை முதலில் பார்ப்பதா, ஏர் சஸ்பென்ஷனை முதலில் பார்ப்பதா? இந்த மாடலை அக்கக்காகப் பிரித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விவரமாகச் சொல்லுங்கள்.


மூலக்கடை_ஸ்பேனர்:

தம்பி, இரண்டும் இல்லை. முதலில் பிரேக் பூஸ்டர், அதாவது வேக்கத்தை (வெற்றிடத்தை) வைத்து மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் உறுப்பு. மற்றது எல்லாம் பணச் செலவு, இது உயிர்.

2004 முதல் 2015 வரை வந்த எம்எல், ஜிஎல் வரிசையையும் ஆர் கிளாஸையும் பூஸ்டருக்காகவே கம்பெனி உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. 2022 ஜூனில் ஜெர்மனியின் மோட்டார் வாகன ஆணையம் சொன்ன கணக்கு 9,93,407 வண்டிகள். அமெரிக்காவில் 2006–2012 மாடல்கள் சுமார் 2,92,000. அங்கே சோதனை முடியும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று ஓனர்களுக்குச் சொன்னார்கள்.

காரணம் எளிது. பூஸ்டரின் இரும்பு உறை இரண்டு பாதியாகச் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு ரப்பர் உறை போட்டிருக்கிறார்கள். அந்த ரப்பருக்கு அடியில் ஈரம் புகுந்தால் வெளியே வர வழியில்லை. உள்ளேயே தங்கி இரும்பைத் தின்கிறது. முதலில் காற்றுக் கசிவு, பிரேக் உதவி குறையும், மிதியை அழுத்த அதிக பலம் வேண்டும். துரு முற்றிய நிலையில் அவசரமாக ஓங்கி மிதித்தால் பெடலுக்கும் பிரேக்குக்கும் உள்ள இணைப்பே உடைய வாய்ப்பு உண்டு. இது மிக அரிது. ஆனால் 2,400 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியில் ஏழு பேர் உட்காரும்போது அந்த அரிதையும் ஒதுக்க முடியாது.

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரம் நின்ற வண்டிகளில் பானட்டுக்குள் உப்பு ஈரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் நம் பக்கத்தில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

விற்பவர் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியது:

எஞ்சினை அணைத்துவிட்டு மிதியை நாலைந்து தடவை அழுத்துங்கள், கல் மாதிரி இறுகும். அப்படியே அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்கமே வரவில்லை. அடுத்து எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அணைத்தபின் முதல் மிதி ஆழமாகப் போகணும், இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக மேலேயே நிற்கணும். முதல் மிதியே இறுக்கமாக இருந்தால் பூஸ்டரோ ஒருவழி வால்வோ காற்றைப் பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம். கடைசியாக, எஞ்சின் ஓடும்போது ரேடியோ, ஏசி எல்லாம் அணைத்துவிட்டு மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துக் கால் பக்கம் காதைக் கொடுங்கள். "உஸ்" என்று காற்றுச் சத்தம் கேட்கக் கூடாது.

இதெல்லாம் தேறினாலும் போதாது. டீசல் எஞ்சினில் வேக்கம் பம்ப் தனியாக ஓடுவதால் சிறு கசிவை அது மறைத்துவிடும். ரப்பர் உறையை விலக்கி, விளக்கு அடித்து, இரும்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேலோட்டமான பழுப்பு வேறு, செதில் செதிலாக உரிவது வேறு. உரிந்தால் பூஸ்டரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பெயிண்ட் அடித்து மறைத்த பூஸ்டரை வாங்கவே வாங்காதீர்கள்.

சேசிஸ் எண்ணை அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் கொடுத்து, இந்த வண்டிக்கு எந்தத் திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறது, எது முடிந்தது என்று கேளுங்கள். பணம் கைமாறுமுன் செய்ய வேண்டியது அது.


தண்டையார்பேட்டை_டீசல்:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பூஸ்டர் தேறியபின் எஞ்சினுக்கு வருவோம்.

இதில் இருப்பது ஓஎம் 642. 2,987 சிசி, வி6, பைசோ இன்ஜெக்டர். அடிப்படையில் உறுதியான எஞ்சின். கட்டை தேய்ந்து சாவது குறைவு, சுற்றியுள்ள சீல்களும் சென்சார்களும்தான் உயிரை வாங்கும்.

முதல் புகார் ஆயில் கூலர் சீல். ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, டர்போவுக்கு அடியில், வி பள்ளத்தில் படுத்திருக்கிறது. அங்கே சூடு அதிகம். ஆரம்பத்தில் போட்ட ஆரஞ்சு நிற சீல் வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் வெந்து இறுகி, ஆயிலைக் கசியவிடுகிறது. பின்னால் கம்பெனியே ஊதா நிற விட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) சீலுக்கு மாறியது. சீலின் விலை அற்பம். அதை அடைய இரண்டு இன்டேக் மேனிஃபோல்டு, டர்போ, ஏர் பைப் அத்தனையும் கழற்ற வேண்டும். தெரிந்த கைக்கே ஒரு முழு நாளுக்கு மேல் பிடிக்கும்.

அதனால் ஒரு தடவை திறந்தால் கூடவே முடிக்க வேண்டியவை: மேனிஃபோல்டு கேஸ்கெட், டர்போவின் ஆயில் வரும் வழி, இறங்கும் வழி இரண்டின் சீல்களும், இஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு) கேஸ்கெட், டர்போ வாயில் இருக்கும் ஆரஞ்சு சீல். மேனிஃபோல்டு உள்ளே படிந்த கரியையும் அப்போதே சுரண்டி எடுத்துவிடுங்கள். அலுமினிய போல்ட்டுகள் ஒருமுறைக்கு மட்டும், பழையதைத் திரும்பப் போட்டால் முறுக்கும்போதே அறும்.

இரண்டாவது புகார் அந்த டர்போ வாய் சீலோடு ஒட்டியது. எஞ்சினின் சுவாசக் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவி டர்போவின் காற்று வாயில் சேர்கிறது. சீல் தளர்ந்தால் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். சரியாக அதற்கு அடியில்தான் இன்டேக் உள்ளே இருக்கும் மடல்களைத் திருப்பும் மோட்டார் இருக்கிறது. ஆயில் அதன் உள்ளே இறங்கி பற்சக்கரத்தையும் மின் இணைப்பையும் கெடுக்கிறது. எஞ்சின் விளக்கு எரியும், வண்டி சக்தி இழந்து ஊரும் நிலைக்குப் போகும்.

சிலர் அந்த மோட்டாருக்குப் போகும் பிளக்கில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி விளக்கை மட்டும் அணைத்துவிட்டு விற்கிறார்கள். பிளக்கைப் பார்க்காமல் "ஸ்கேன்ல எரர் இல்ல" என்ற வார்த்தையை நம்பாதீர்கள்.

ஆயில் விஷயம்: பென்ஸின் 229.51 தரம் உள்ளதையே கேளுங்கள், சுமார் 8.5 லிட்டர் பிடிக்கும். சாம்பல் அதிகம் விடும் சாதாரண டீசல் ஆயில் ஊற்றினால் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைந்துபோகும். டிபிஎஃப் உள்ள வண்டியில் எண்ணூர் சாலை ஓட்டம் மட்டுமே போதாது. கரி எரிய வேண்டுமானால் புகைக்குழாய் சூடாக வேண்டும், அதற்கு வாரம் ஒருமுறையாவது செங்குன்றம் தாண்டி நெல்லூர் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் எரியாத டீசல் போய் எஞ்சின் ஆயிலோடு கலந்து, ஆயில் அளவு தானாக ஏறும். அளவு ஏறுவதைப் பார்த்து "வண்டி ஆயிலே குடிக்கல" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்த நீர்த்த ஆயில்தான் பேரிங்கைத் தின்பது.


கொடுங்கையூர்_47:

ஒரு சந்தேகம் அண்ணே. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல்) என்றுதானே எல்லா மெக்கானிக்கும் சொல்கிறார்கள்? கூலரா மெயின் சீலா என்று கழற்றாமல் எப்படிப் பிரித்தறிவது?


தண்டையார்பேட்டை_டீசல்:

நல்ல கேள்வி. வி பள்ளத்தில் தேங்கும் ஆயில் பின்பக்கத் துளை வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் மணியின் (பெல் ஹவுஸிங், எஞ்சினோடு சேரும் மணி வடிவ உறை) மேல் வழிந்து, கீழே மெயின் சீல் இடத்தில்தான் சொட்டும். அதனால்தான் கியர்பாக்ஸை இறக்கி மெயின் சீலை மாற்றிவிட்டு, பிறகும் சொட்டுகிறதே என்று தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பிரித்தறிய: அடிப்பாகத்தை டிகிரீசர் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஆயிலில் யூவி சாயம் கலந்து ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். பிறகு சிறு கேமராவை மேலிருந்து வி பள்ளத்துக்குள் விட்டு யூவி விளக்கு அடியுங்கள். பள்ளத்தில் குளம் ஒளிர்ந்தால் கூலர். பள்ளம் காய்ந்து, மணியின் அடிப்பகுதி மட்டும் ஒளிர்ந்தால் மெயின் சீல் அல்லது சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி). வாங்கும் நேரத்தில் சாயம் கலக்க விடமாட்டார்கள். கேமராவை மட்டும் விட்டுப் பார்க்கலாம், அதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. பள்ளம் ஈரமாக இருந்தால் அந்த வேலைக்கான கூலியை விலையில் குறைத்துப் பேசுங்கள். வண்டியை நிராகரிக்க இது ஒன்றே காரணம் ஆகாது.


எண்ணூர்_ஆக்சில்:

ஏர் சஸ்பென்ஷனுக்கு வருகிறேன். முன்னால் ஏர் ஸ்ட்ரட், பின்னால் ஏர் ஸ்பிரிங், ஒரு கம்ப்ரஸர், ஒரு வால்வு பிளாக், உயரம் அளக்கும் சென்சார்கள். கெடும் வரிசை பெரும்பாலும் ஒன்றே. முதலில் ரப்பர் பையில் மயிரிழை வெடிப்பு. காற்று மெல்லக் கசியும். இறங்கும் உயரத்தை ஈடுகட்டக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். அளவுக்கு மீறி ஓடிச் சூடேறி பிஸ்டன் வளையம் தேயும். கடைசியில் கம்ப்ரஸர் ரிலே ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பின்னும் கம்ப்ரஸர் ஓடி, தன்னையும் எரித்து பேட்டரியையும் தீர்த்துவிடும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றி, கசியும் பையை விட்டுவிட்டால் புதுக் கம்ப்ரஸருக்கும் அதே கதிதான். கம்ப்ரஸர் மாற்றினால் ரிலேயும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சோதனை: சமதளத்தில் நிறுத்தி, சாதாரண உயரத்தில் வைத்து, நான்கு பக்கமும் சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். பூட்டிவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் கதவைத் திறக்குமுன் மறுபடி அளங்கள். திறந்தால் சிஸ்டம் விழித்து உயரத்தைச் சரிசெய்துவிடும், அளவு பொய்யாகும். நான்கும் சேர்ந்து சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கவலை இல்லை. ஒரு மூலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பை அல்லது அதன் குழாய் முனை. இரண்டு மூலை சேர்ந்து சமமாக இறங்கினால் வால்வு பிளாக்கைச் சந்தேகப்படுங்கள். சோப்புத் தண்ணீரை ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி, குழாய் முனை, பையின் மடிப்பு மூன்றிலும் தடவுங்கள். மடிப்பு தெரிய வண்டியை உயர்த்தி வைத்துப் பார்க்கணும், தாழ்ந்த நிலையில் வெடிப்பு உள்ளே மறைந்துவிடும்.

விற்பவர் "ராத்திரி விட முடியாது" என்றால், காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் வண்டி எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமானது: ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். சாவியை அணைத்து எடுத்து, எல்லாக் கதவும் மூடி, இரும்பு ஸ்டாண்ட் போட்ட பிறகே உள்ளே தலையை விடணும். பை திடீரென்று காற்றை விட்டால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கை நசுங்கும். ரோட்டோரம் பஞ்சர் போடும் பையன்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்த வண்டி பழக்கம் இருக்காது.


வியாசர்பாடி_மோட்டார்ஸ்_ரசிகன்:

இவ்வளவு தொல்லை எதற்கு? காயில் ஸ்பிரிங் கிட் போட்டுவிட்டால் வாழ்நாள் பிரச்சினை தீர்ந்ததே. பல பேர் போடுகிறார்கள்.


எண்ணூர்_ஆக்சில்:

போடுகிறார்கள், ஆனால் இந்த வண்டிக்கு நான் சொல்லமாட்டேன். ஏழு பேரும் சாமானும் ஏறும்போது பின்பக்கம் தாழாமல் பிடிப்பதே ஏர் ஸ்பிரிங்கின் வேலை. காயில் போட்டால் காலியாக இருக்கும்போது தூக்கிக்கொண்டு நிற்கும், ஆள் ஏறினால் அமுங்கும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். எரர் வராமல் இருக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்ற வேண்டியிருக்கும். ஷாக் அப்சார்பரின் மின் கட்டுப்பாடும் உள்ள வண்டி என்றால் அதுவும் போகும். பிரேக் பிடித்து வளைக்கும்போது வண்டி நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். பையை மாற்றுங்கள், ஜோடியாக மாற்றுங்கள்.


பெரம்பூர்_லோகோ:

வெள்ளத்தைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லையே. வடசென்னையில் பழைய வண்டி வாங்கும்போது 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் மனதில் வைத்துக்கொண்டே பாருங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை, பெரம்பூர் சுற்றுவட்டாரம், மணலி, கொருக்குப்பேட்டை என்று தண்ணீர் நிற்கும் இடங்கள் நமக்குத் தெரியும். மிக்ஜாமின்போது எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் தெருவுக்குள் வந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டியின் ரப்பர் புஷ், வயர் உறைகள் எல்லாம் ஊறி உப்பியிருக்கும். கழுவினாலும் இடுக்குகளில் கறுத்த பிசுக்கு தங்கும்.

உயரமான வண்டிதானே, தண்ணீர் எட்டாது என்பது தப்புக்கணக்கு. இந்த மாடலில் பேட்டரி முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி நடு கன்சோலுக்குக் கீழே. வயர் இணைப்புகள் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடுகின்றன. கதவு வாசல் அளவுக்குத் தண்ணீர் வந்தாலே இவை எல்லாம் நனையும்.

எங்கே பார்ப்பது என்றால், கார்ப்பெட் மேல்பக்கம் பார்த்துப் பயனில்லை, அதைத் துவைத்துவிடுவார்கள். அடியில் இருக்கும் தடித்த பஞ்சை அழுத்திப் பாருங்கள், அது மாதக்கணக்கில் காயாது. சீட் தண்டவாள போல்ட்டில் துரு இருக்கிறதா, புதுக் கழற்றல் தழும்பு இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம்வரை வந்திருக்கிறது. ஸ்டெப்னி இருக்கும் குழியில் மணல் இருக்கிறதா? டிக்கி பக்கவாட்டுப் பேனலைத் திறந்து பின்பக்க ஃபியூஸ் பெட்டியின் பிளக்குகளைப் பாருங்கள். பித்தளை முனையில் பச்சைப் பூச்சு என்றால் விலகிவிடுங்கள்.

வெள்ளம் இல்லாமலும் இந்த வண்டிக்குள் தண்ணீர் வரும். சன்ரூஃபின் நான்கு மூலைகளிலிருந்தும் வடிகுழாய் இறங்குகிறது. மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தூசியும் வேப்பம்பூவும் சேர்ந்து அதை அடைத்தால் மழைத் தண்ணீர் கூரை விரிப்பு வழியாகக் கால் வைக்கும் இடத்துக்கு இறங்கும். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தின் வடிகாலும் அப்படியே. சோதிக்க, சன்ரூஃபைத் திறந்து மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில விநாடிகளில் வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். தேங்கினால் மெல்லிய நைலான் நரம்பை விட்டு எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அடிக்காதீர்கள், உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் முழுக் கூரையையும் இறக்க வேண்டிவரும்.

எஞ்சின் தண்ணீர் குடித்ததா என்பதும் தெரிந்தாகணும். தண்ணீர் அமுங்காது, அதனால் கனெக்டிங் ராடு வளையும். ராடு லேசாக வளைந்த எஞ்சின் ஓடத்தான் செய்யும், பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உடையும். ஸ்டார்டர் சுழற்சியை வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் ஒப்பிடும் சோதனையைக் கம்பெனி ஸ்கேனரில் செய்யலாம். ஆறில் ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் வண்டல் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.


மூலக்கடை_ஸ்பேனர்:

லோகோ ஏர்பேக் பெட்டியைச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகளின் திரும்ப அழைப்பில் அமெரிக்காவில் ஜிஎல், எம்எல் வரிசையின் சில ஆண்டு வண்டிகளும் இருந்தன. உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டுத் தரம் கெடுகிறது. பிறகு விரியும்போது அளவுக்கு மீறி வெடித்து உலோகத் துண்டுகளை ஆள் மேல் வீசுகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடலோர ஊர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சென்னை எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. பூஸ்டருக்கு விசாரிக்கும்போதே அதே சேசிஸ் எண்ணில் ஏர்பேக்கையும் விசாரியுங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள்.


ராயபுரம்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கியர்பாக்ஸ் பற்றியும் சொல்லுங்கள். விற்பவர் "சீல் போட்ட கியர்பாக்ஸ், ஆயிலே மாற்ற வேண்டாம்" என்கிறார். டயர் நான்கும் வேறு வேறு பிராண்டு.


தண்டையார்பேட்டை_டீசல்:

ஆயில் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் என்று ஒன்று கிடையாது. இது 7ஜி-டிரானிக், 722.9. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கியர்பாக்ஸின் தயாரிப்புக் காலத்தைப் பொறுத்து 236.14, 236.15 என்று இரண்டு வகை ஆயில் உண்டு, ஒன்றுக்கு மற்றது ஆகாது. சேசிஸ் எண்ணை வைத்து எது என்று உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். அளவு பார்க்க டிப்ஸ்டிக் இல்லை. வண்டியை மட்டமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் கியர் ஆயில் வெப்பம் 45 டிகிரிக்கு வரும்போது அடித்துளையில் மெல்லிய சொட்டாக வடியும் அளவுதான் சரி. சூடு ஏறியபின் பார்த்தால் குறைவாக நிரப்பிவிடுவீர்கள். கியர் தாமதமாக விழுவதும் ஏறும்போது நழுவுவதும் பாதி நேரம் இதனால்தான்.

வழக்கமாகக் கெடுவது உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட், அதாவது வேக சென்சார்களும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்த தட்டு. சூடானதும் ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும், அணைத்துப் போட்டால் சரியாகும், மறுபடி வரும். எனவே பத்து நிமிட ஓட்டம் போதாது. ஏசி போட்டு, மதிய வெயிலில், நெரிசலில் முக்கால் மணி நேரம் ஓட்டியபின் ஸ்கேன் பண்ணுங்கள். புதுப் பிளேட் போட்டால் அந்த வண்டிக்கென்று கோடிங் செய்ய வேண்டும். கண்ட கடையில் வாங்கிச் சொருகினால் வண்டி அசையாது.

வேறு வேறு பிராண்டு டயர், நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் (4x4) வண்டியில் நல்ல அறிகுறி இல்லை. சுற்றளவு மாறினால் டிரான்ஸ்பர் கேஸும் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) டிஃபரன்ஷியலும் ஓயாமல் அந்த வித்தியாசத்தைத் தின்றுகொண்டே ஓடும். 30–50 கி.மீ. வேகத்தில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது தரையில் அதிர்வு, முனகல் வருகிறதா கவனியுங்கள். டிரான்ஸ்பர் கேஸ் ஆயிலை யாருமே மாற்றுவதில்லை, வாங்கிய உடனே அதை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டும் ஆண்டு, முதல் இரண்டும் வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் (தேயாத ரப்பர்) எவ்வளவு இருந்தாலும் மாற்றவேண்டிய டயர் என்றே கணக்கு வையுங்கள். 275/55 ஆர்19 அளவில் எடை தாங்கும் எண்ணையும் பார்த்தே வாங்குங்கள், குறைந்த எண் உள்ள மலிவு டயர் இந்தக் கனத்துக்குச் சுவர் வெடிக்கும்.


கொடுங்கையூர்_47:

ஆவணப் பக்கம் சுருக்கமாக: 2011 வண்டிக்கு ஆர்சி 15 வருடம்தான், 2026-ல் முடியும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தச் செலவும் அலைச்சலும் யார் தலையில் என்று இப்போதே பேசிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. கடன் இருந்தால் படிவம் 35, கூடவே வங்கியின் கடிதமும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த தடையால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே இறங்கின. அப்படி வந்ததென்றால் படிவம் 28 என்ஓசியும், இங்கே கட்டிய வாழ்நாள் வரி ரசீதும் கேட்டு வாங்குங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளில் நோ கிளைம் போனஸ் எந்த வருடம் பூஜ்யமானது என்று பாருங்கள். 2015-16-லோ 2023-24-லோ விழுந்திருந்தால் லோகோ சொன்ன சோதனைகளை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.


ராயபுரம்வாசி:

விற்பவரிடம் பேசினேன். லிஃப்டில் ஏற்றவும் ஸ்கேன் போடவும் சம்மதம். ஆனால் பூஸ்டரின் ரப்பர் உறையைத் தொட விடமாட்டேன் என்கிறார், "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்கிறார். என்ன செய்வது?


மூலக்கடை_ஸ்பேனர்:

அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரிலேயே அந்தச் சோதனை நடக்கட்டும், செலவை நான் தருகிறேன், அறிக்கை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். நேர்மையான ஆளுக்கு அதை மறுக்கக் காரணம் இல்லை. திரும்ப அழைப்பில் பூஸ்டர் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் சர்வீஸ் சென்டர் பதிவிலேயே தெரிந்துவிடும், உறையைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டுக்கும் வழிவிடவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் தம்பி. ஆயில் கூலர், ஏர் பை, கண்டக்டர் பிளேட் மூன்றையும் பேரம் பேசலாம். பூஸ்டர் துரு, ஏர்பேக் விளக்கு, வெள்ளக் கோடு இந்த மூன்றில் பேரத்துக்கு இடமே கிடையாது.


எண்ணூர்_ஆக்சில்:

லிஃப்டில் ஏற்றச் சம்மதித்தது நல்லது. அந்த நேரத்தை முழுசாகப் பயன்படுத்துங்கள். பின் சப்ஃப்ரேமின் (சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) வெல்டிங் ஓரங்கள், பிரேக் இரும்புக் குழாய்கள் கிளிப்பில் உட்காரும் இடம், கீழ் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் பூட் நான்கையும் விளக்கு அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சப்ஃப்ரேமைத் தட்டினால் கணீரென்று கேட்கணும். மந்தமாகக் கேட்டாலோ செதில் கொட்டினாலோ உள்ளே துரு ஓடியிருக்கிறது. புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள், அதை அடிப்பதே மறைக்கத்தான் என்ற சந்தேகத்தோடு.

பிரேக் ஆயிலில் ஈர அளவு காட்டும் பேனா வடிவ மீட்டரைச் சேர்த்து எடுத்துப் போங்கள். 3 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கமே அந்த வண்டிக்கு இருந்ததில்லை.


ராயபுரம்வாசி:

சரி அண்ணே, சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பேசுகிறேன். இன்னொன்று: வாங்கினால் ராயபுரத்தில் திறந்தவெளியில்தான் நிற்கும். துருவுக்கு என்ன செய்யலாம்?


பெரம்பூர்_லோகோ:

கவர் போட்டு மூடாதீர்கள், உப்பு ஈரம் உள்ளேயே அடைபடும். கூரை மட்டும் உள்ள இடமாக இருந்தால் போதும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் கழுவாததைவிட மோசம். பானட்டுக்குள் பிரஷர் பம்ப் வேண்டாம், பூஸ்டர் உறைக்குள் தண்ணீரை ஏற்றுவது அதுவே. கதவு அடியிலும் சில்லிலும் இருக்கும் வடிதுளைகளைத் தீக்குச்சியால் திறந்து வையுங்கள். சப்ஃப்ரேம் குழிகளுக்குள் மெழுகு வகைத் துருத் தடுப்பு திரவத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் அடியுங்கள். அடிப்பாகம் ஒரு நாள் முழுக்க நன்றாகக் காய்ந்த பிறகே அடிக்கணும், ஈரத்தின் மேல் அடித்தால் அதுவே துருவை உள்ளே பூட்டிவிடும். ஒவ்வொரு சர்வீஸிலும் பூஸ்டர் உறையை விலக்கிப் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.